காலையில் போனால் இரவுதான் வருகிறோம், குட்டிக்கு எப்படி டாய்லெட் பழக்குவது?

நாலாவது_மாடி:

வணக்கம் மக்களே. மேடவாக்கம் பக்கம் ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம், நானும் மனைவியும் மட்டும். எனக்கு சிறுசேரியில் வேலை, காலை எட்டேகாலுக்கு கேப் வந்துவிடும், திரும்பி வர ஏழரை எட்டு ஆகும். அவள் பேங்கில் இருக்கிறாள், ஒன்பதுக்குக் கிளம்பினால் ஆறரைக்கு வருவாள், மாதக் கடைசி என்றால் அதுவும் சொல்ல முடியாது. எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை.

போன மாதம் ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் தத்தெடுத்தோம். பெண் குட்டி, பெயர் மிளகு, இப்போது இரண்டரை மாதம். முதல் ஊசி போட்டாயிற்று, அடுத்தது வரும் வாரம். ரொம்ப சமத்து, ஆனால் இந்த ஒரு விஷயம்தான் உயிரை வாங்குகிறது. காலையில் கீழே கூட்டிக்கொண்டு போய் அரை மணி நேரம் சுற்றுகிறேன். ஒவ்வொரு செடியாக மோந்து பார்க்கும், காக்கையைத் துரத்தும், ஒன்றும் போகாது. மேலே வந்து கதவைத் திறந்ததும் நேராக மிதியடியில் உட்கார்ந்து போய்விடும்! கடையில் விற்கிற, குட்டி போவதற்கு விரிக்கிற பேட் வாங்கிப் போட்டால் அதைக் கிழித்து ஹால் முழுக்கப் பஞ்சாக்கி வைக்கிறது. மாலையில் வீட்டைத் திறக்கும்போது கக்காவை மிதித்து எல்லா இடத்திலும் பரப்பி வைத்திருக்கும், அதில் பாதி மெத்தை மேல். தினமும் பினாயில் போட்டுத்தான் துடைக்கிறோம், மறுநாள் அதே இடத்தில்தான் போகிறது. திட்டினால் சோஃபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது.

எங்களை மாதிரி ஆட்களுக்கு இது சரிப்பட்டு வருமா? இல்லை, யாராவது வீட்டில் இருக்கிற குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவதுதான் நியாயமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பெல்ட்:

தம்பி, நாங்கள் ஊரில் எத்தனையோ நாய் வளர்த்திருக்கிறோம், ஒன்றுக்கும் பாடம் எடுத்ததில்லை. உள்ளே போனால் மூக்கை அதிலேயே தேய்த்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, வெளியே விடுங்கள். நாலு தடவையில் புரிந்துகொள்ளும். அப்புறம் இன்னொன்று, பகல் முழுக்க ஆள் இல்லாத வீட்டில் நாய் எதற்கு என்றும் யோசியுங்கள்.

வேப்பேரி_பக்கம்:

பெரியவர் சொன்னதில் முதல் பாதியைச் செய்ய வேண்டாம். ஊரில் நாய்க்கு வாசல், கொல்லை, தோட்டம் எல்லாம் திறந்து கிடந்தன, அது பாட்டுக்குப் போய் வந்தது, அதனால்தான் பாடம் தேவைப்படவில்லை. நாலாவது மாடியில் பூட்டிய வீட்டில் குட்டிக்குப் போக வேறு இடம் கிடையாது. மூக்கைத் தேய்த்தால் அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் பார்க்கும்போது போனால் அடி விழும். அப்புறம் நீங்கள் கீழே அரை மணி நேரம் நின்றாலும் உங்கள் கண்ணெதிரே போகாது, கட்டிலுக்கு அடியில்தான் போகும். சோஃபா பின்னால் ஒளிவது அந்தக் கதையின் ஆரம்பம். இன்றோடு திட்டுவதை நிறுத்துங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். குட்டியின் வயது எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம், மிஞ்சிப் போனால் அதோடு ஒன்று, அவ்வளவுதான் அடக்க முடியும். மிளகுக்கு அது இரண்டரை மணி நேரம், மிஞ்சிப் போனால் மூன்றரை. நீங்கள் ஒன்பதுக்குப் பூட்டி ஆறரைக்குத் திறந்தால் நடுவில் மூன்று நாலு தடவை போயே ஆக வேண்டும், அதில் அதன் தப்பு ஒன்றும் இல்லை. ராத்திரி மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், தூங்கும்போது சிறுநீர் குறைவாகச் சுரப்பதால். ஆகவே, 'பகலில் எங்கேயும் போகாமல் இருக்க வேண்டும்' என்பதை மறந்துவிட்டு, 'போனால் இந்த இடத்தில் போக வேண்டும்' என்பதை மட்டும் பழக்குங்கள். வெளியே போய்ப் பழகுவதெல்லாம் ஊசிகள் முடிந்த பிறகு.

ஊசி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது கீழே மண்ணில் விடவே விடாதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தெரு நாய்கள் வந்து போகிற இடத்தில் ஒரு தடவை மோந்தால் போதும். வாந்தி, ரத்தத்தோடு பேதி என்று ஆரம்பித்தால் இந்த வயதுக் குட்டி தாங்குவது கஷ்டம். பல நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற கூட்டு ஊசி மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை போகும், ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்காதீர்கள், தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, ஹாரன், குழந்தைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். உலகத்தைப் பார்த்துப் பயம் தெளிகிற வயது இதுதான், மூன்றரை மாதத்துக்கு மேல் கதவு சாத்திக்கொண்டுவிடும்.

இப்போது இடம். உங்கள் ஃபிளாட்டில் வாஷிங் மெஷின் வைக்கிற சர்வீஸ் ஏரியா இருக்குமே, தரையில் ஜல்லடை மூடி போட்ட தண்ணீர்ப் போக்கி இருக்கும். அதுதான் நம்ம ஊர் ஃபிளாட்டுகளில் இருக்கிற பெரிய வசதி, யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கே போகப் பழக்கிவிட்டால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. குட்டிகள் எட்டு ஒன்பது வாரத்திலேயே காலுக்குக் கீழே என்ன படுகிறதோ அதோடு அந்த வேலையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மிளகு மிதியடியையும் மெத்தையையும் தேடிப் போவது அதனால்தான், மெத்தென்று இருக்கிறது, உடனே உறிஞ்சிக்கொள்கிறது. மிதியடி, தரைவிரிப்பு எல்லாவற்றையும் கொஞ்ச காலத்துக்குச் சுருட்டி அலமாரியில் வையுங்கள். பெட்ரூம் கதவைச் சாத்துங்கள். சர்வீஸ் ஏரியாவில் நாலாக மடித்த செய்தித்தாளை விரித்து, ஓரங்களில் ஓடு அல்லது தட்டையான கல் வையுங்கள், கிழிக்க நுனி கிடைக்காது. பழைய தாளில் ஈரமான ஒரு துண்டை மட்டும் புதுத் தாளுக்கு அடியில் விட்டுவைத்தால் வாசம் பிடித்து அங்கேயே வரும். நாள் போகப் போகத் தாளைச் சிறிதாக்கிக்கொண்டே வந்து போக்கிக்குப் பக்கத்தில் நிறுத்திவிடலாம்.

நீங்கள் வீட்டில் இருக்கும் நேரம்தான் பள்ளிக்கூடம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பத்து இருபது நிமிடத்தில், விளையாடி முடித்ததும், இந்த மூன்று நேரமும் தவறாமல் தூக்கிக்கொண்டு போய் அங்கே விடுங்கள். நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், வழியிலேயே உட்கார்ந்துவிடும். விளையாட்டுக் காட்டாமல் சும்மா நில்லுங்கள். உட்காரும்போது ஒரே வார்த்தையை மெதுவாகச் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் 'உச்சா போ', நீங்கள் எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கணவன் ஒன்று மனைவி ஒன்று என்று இருக்கக் கூடாது. முடித்த அந்த நொடியில், அதே இடத்தில் நின்றபடி, வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. ஹாலுக்கு வந்த பிறகு கொடுத்தால் ஹாலுக்கு வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் அதற்குப் படும். தரையை மோந்துகொண்டே வட்டம் போடுகிறது, விளையாட்டை விட்டுவிட்டு திடீரென்று மூலைக்குப் போகிறது என்றால் அலேக்காகத் தூக்குங்கள். கண் வைக்க முடியாத நேரத்தில் ஒரு நீளமான கயிற்றில் உங்கள் இடுப்பிலேயே கட்டிக்கொள்ளலாம், சமையல் செய்துகொண்டே பார்க்கலாம்.

பினாயிலைத் தூக்கி எறியுங்கள். அது மூத்திர வாடையை நமக்குத்தான் மறைக்கிறது, நாய் மூக்குக்கு அடியில் இருப்பது அப்படியே தெரியும். அதோடு ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அந்த மருந்து வயிற்றுக்குள் போவது நல்லதில்லை. அம்மோனியா கலந்த க்ளீனரும் வேண்டாம், அந்த வாடையே மூத்திரம் மாதிரிதான். வாடை போகட்டும் என்று ப்ளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் கொட்டாதீர்கள், கண் எரிகிற புகை வரும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். மெத்தைக்கு மட்டும் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்ஸைம் க்ளீனர் வாங்குங்கள், விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பஞ்சுக்குள் இறங்கியதை வேறு எதுவும் எடுக்காது.

நைட்_ஷிஃப்ட்_நர்ஸ்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஆள் இல்லாத அந்த ஒன்பது மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் கோயம்புத்தூரில் தனியாக இருந்துகொண்டு ஆஸ்பத்திரி ஷிஃப்டில் ஒரு குட்டியை வளர்த்தவள். நேரடியாகச் சொல்கிறேன் சகோ, மதியம் ஒரு ஆள் வராமல் இந்த வயதுக் குட்டியை வளர்க்க முடியாது. கேமரா, தானாகச் சாப்பாடு போடுகிற மெஷின், விலை உயர்ந்த பேட், எதுவும் அந்த ஆளுக்கு ஈடாகாது. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது, முடிந்தால் பதினொன்றரைக்கும் மூன்றுக்கும் இரண்டு தடவை. ஆறு மாதம் வரைக்கும்தான் இந்தக் கஷ்டம், அதற்குப் பிறகு மதியம் ஒரு முறை போதும்.

யார் வருவார் என்று கேட்டால், சுற்றிப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவை 'அப்படியே நாயையும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்காதீர்கள், அது தனி வேலை, தனிச் சம்பளம் பேசுங்கள். நாய்க்குப் பயம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், முகத்தாட்சண்யத்துக்காகச் சரி என்பார்கள், அப்புறம் கதவைத் திறந்து தட்டை மட்டும் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அமைந்தது எதிர் வீட்டில் ரிட்டயர் ஆன மாமா. அவருக்கு நாய் பிடிக்கும், மாமிக்குப் பிடிக்காது, அதனால் எங்கள் வீட்டுக்கு வந்து பேப்பர் படித்துக்கொண்டே குட்டியோடு உட்கார்ந்திருப்பார், சம்பளம் வாங்கமாட்டார், நல்ல நாளில் வேட்டி எடுத்துக் கொடுப்பேன். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கேட்டுப் பாருங்கள். டே கேர் என்றால் எல்லா ஊசியும் முடித்த பிறகுதான், அதற்கு முன்னால் சேர்த்துக்கொள்கிற டே கேரை நம்பாதீர்கள்.

வருகிறவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பால் பல் ஊசி மாதிரி இருக்கும், விளையாட்டாகக் கடித்தாலும் தோல் கீறும். கீறினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், இலவசம்தான். 'குட்டிதானே' என்று விடுவது தப்பு, ரேபிஸ் வந்த பிறகு வைத்தியம் கிடையாது. மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக்கொண்டு வருபவர்களை இன்னும் வார்டில் பார்க்கிறேன்.

பூட்டிவிட்டுப் போகும்போது வீடு முழுக்க விடாதீர்கள், சின்னக் கூண்டிலும் அடைக்காதீர்கள். கூண்டு என்பது எழுந்து நிற்க, திரும்ப, படுக்க மட்டும் இடம் உள்ளதாக இருக்க வேண்டும், ராத்திரி தூக்கத்துக்கும் ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்கும் அது சரி. ஒன்பது மணி நேரம் அதில் போட்டால் படுத்த இடத்திலேயே போய்ப் பழகிவிடும், அப்புறம் சொந்த இடத்தை அசிங்கப்படுத்தக் கூடாது என்கிற பிறவிப் புத்தியே மழுங்கிப்போகும், அதைத் திரும்பக் கொண்டுவருவது மகா கஷ்டம். சர்வீஸ் ஏரியாவையும் சமையலறையில் ஒரு பகுதியையும் சேர்த்துக் கம்பித் தடுப்பு போடுங்கள். ஒரு மூலையில் படுக்கை, எதிர் மூலையில் தாள், தண்ணீர் கவிழாத கிண்ணத்தில். பினாயில், எலி மருந்து, வெங்காயக் கூடை எல்லாம் மேலே ஏற வேண்டும், வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். வெயில் காலத்தில் பால்கனியில் மட்டும் விட்டுப் பூட்டாதீர்கள். ஃபேன் ஓட வேண்டும், கரண்ட் போனாலும் காற்று வருகிற ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும்.

ஒரு ஆறுதல், இந்த வயதில் நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் தூங்கும். நீங்கள் நினைக்கிற அளவுக்கு அது நாள் முழுக்க உங்களை நினைத்து அழவில்லை.

நாலாவது_மாடி:

எல்லோருக்கும் நன்றி, மனைவியும் உட்கார்ந்து படித்தாள். சர்வீஸ் ஏரியா யோசனையே எங்களுக்குத் தோன்றவில்லை, அங்கே பழைய அட்டைப் பெட்டிகள்தான் கிடக்கின்றன, காலி செய்கிறோம். இரண்டாவது மாடியில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார், பேசிப் பார்க்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். மாலையில் நாங்கள் உள்ளே நுழைந்ததும் வாலை ஆட்டிக்கொண்டே வந்து காலடியில் கொஞ்சமாக விட்டுவிடுகிறது, அப்போதுதான் போய் முடித்திருந்தாலும்கூட. இரண்டாவது, நாங்கள் போன பிறகு ஊளையிடுகிறது என்று கீழ் வீட்டில் சொல்கிறார்கள், அசோசியேஷன் ஆள் ஒருவர் லிஃப்டில் நாயை ஏற்றக் கூடாது என்கிறார்.

வேப்பேரி_பக்கம்:

காலடியில் விடுவது டாய்லெட் பிரச்சினையே இல்லை. சந்தோஷமும் பணிவும் சேர்ந்து கட்டுப்பாடு இல்லாமல் வருவது, பெண் குட்டிகளிடம் அதிகம் பார்க்கலாம். உள்ளே வந்ததும் குனிந்து தலையில் கை வைத்துக் கொஞ்சாதீர்கள், மேலிருந்து குனிவதே அதற்கு மிரட்டல். கண்டுகொள்ளாமல் பையை வைத்துவிட்டு, நேராக சர்வீஸ் ஏரியா, அப்புறம் பக்கவாட்டில் உட்கார்ந்து கொஞ்சலாம். திட்டினால் இன்னும் அதிகமாகும். வளர வளரப் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். ஆனால் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக, முக்கி முக்கி, ரத்தம் கலந்து போனால் அது பழக்கம் இல்லை, சிறுநீர்த் தொற்று, டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டு நேரத்தையும் சரி பண்ணுங்கள். நாள் முழுக்கத் தட்டில் வைத்துவிட்டால் எப்போது போகும் என்று சொல்லவே முடியாது. காலை ஆறரைக்கு ஒன்று, மதியம் ஆள் வரும்போது ஒன்று, மாலை ஏழரைக்கு ஒன்று. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் கிளம்ப ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும், கக்கா வேலை அதற்குள் முடிந்துவிடும், மாலையில் மிதித்துப் பரப்புகிற காட்சியும் பாதிக்கு மேல் குறையும். மாட்டுப் பால் பல குட்டிகளுக்குப் பேதி ஆகும், நிறுத்திப் பாருங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், சென்னை வெயிலில் அது ஆபத்து.

கீழ்வீட்டுக்காரி:

நான் எதிர்த்தரப்பு, எங்கள் மேல் வீட்டில்தான் நாய், சத்தம் என் தலைக்கு மேல். அதனால் சொல்கிறேன், முதலில் கீழ் வீட்டுக்காரரிடம் நீங்களே போய் 'குட்டி, இரண்டு மூன்று மாதத்தில் அடங்கிவிடும், எந்த நேரம் ரொம்ப சத்தம்?' என்று கேளுங்கள். எங்கள் மேல் வீட்டுப் பெண் அப்படித்தான் வந்தாள், கூடவே கொஞ்சம் முறுக்கு, கோபம் பாதி போய்விட்டது. இப்போது அந்த நாய்க்கு மதியம் கதவு திறந்துவிடுகிறவள் நான்தான்!

ஊளையை நிறுத்த அந்தப் பெண் செய்தது என்னவென்றால், சாவி எடுப்பாள், செருப்புப் போடுவாள், போகமாட்டாள், திரும்ப உட்கார்ந்துவிடுவாள். சாவிச் சத்தத்துக்கு அது பதறுவது நின்ற பிறகு வெளியே ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், கடைக்குப் போய் வருகிற நேரம் என்று கூட்டிக்கொண்டே போனாள். உங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்கள் இருக்கின்றனவே, அன்றைக்கும் நாள் முழுக்க மடியில் வைத்துக்கொள்ளாமல் தடுப்புக்குள் விட்டுவிட்டு அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்த நாட்களை அடுத்தடுத்து எடுக்காமல் செவ்வாய், வியாழன் என்று பிரித்துக்கொள்வதும் நல்லது. கிளம்பும்போது, உள்ளே சாப்பாடு அடைக்கிற ரப்பர் பொம்மையில் தயிரும் பிசைந்த சாதமும் போட்டு ஃப்ரீஸரில் வைத்ததைக் கொடுத்தால், நீங்கள் போனதையே கவனிக்காது.

லிஃப்ட் விஷயத்தில் பயப்பட வேண்டாம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதல்படி அசோசியேஷன் நாய் வளர்ப்பதையோ லிஃப்டில் ஏற்றுவதையோ தடை செய்ய முடியாது. ஆனால் நீங்கள் வாடகை வீட்டில் இருப்பதால் அக்ரிமென்டில் செல்லப்பிராணி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அது வேறு கதை. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி போட்டதும் உங்கள் இடம் மாநகராட்சி எல்லைக்குள் வருகிறது என்றால் மாநகராட்சி லைசென்ஸ் எடுத்துவிடுங்கள், தோலுக்கு அடியில் வைக்கிற அடையாள மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள். அந்தப் பேப்பர் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். பொது இடத்தில் போனதை அள்ளுகிற கவரும் கையில் இருக்கட்டும், சட்டத்தைவிட அதுதான் சண்டையைத் தடுக்கும்.

பழைய_பெல்ட்:

சரி, மூக்குத் தேய்ப்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது என்ன செய்வது. ஆனால் இரண்டாவதாகக் கேட்டதை விடமாட்டேன் தம்பி. மதியத்துக்கு ஆள் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் யாரும் அமையவில்லை என்றால், இழுத்துக்கொண்டே போகாமல், குட்டியாக இருக்கும்போதே நல்ல வீடு பாருங்கள், இரண்டரை மாதக் குட்டிக்கு வீடு கிடைக்கும், எட்டு மாத நாய்க்குக் கிடைக்காது. நாய் ஆசை அப்படியும் போகவில்லை என்றால் இரண்டு மூன்று வயது நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுங்கள், அது எட்டு மணி நேரம் அடக்கும், மெத்தையைக் கடிக்காது, பகலெல்லாம் தூங்கும். எல்லோரும் குட்டிதான் வேண்டும் என்கிறார்கள், வளர்ந்தவை காப்பகத்தில் கிடக்கின்றன.

நைட்_ஷிஃப்ட்_நர்ஸ்:

பெரியவர் சொன்னதற்கு என் ஓட்டும் உண்டு, நிபந்தனையோடு: டீச்சரம்மாவிடம் முதலில் பேசுங்கள். அப்புறம், நன்றாகப் பழகிவிட்டது என்று நினைக்கும்போது தீபாவளி வரும், வெடிச் சத்தத்தில் ஹால் நடுவில் போய்விடும், மழை நாளில் ஈரத் தரை பிடிக்காமல் அடம் பிடிக்கும். அப்போது முதல் வாரத்தில் செய்ததையே திரும்ப ஆரம்பித்தால் சீக்கிரம் திரும்பிவிடும். பூச்சி மருந்து கொடுத்தீர்களா, அதைச் சொல்லவே இல்லையே? மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும், பூச்சி இருந்தால் பேதி நிற்காது, நீங்கள் என்ன பழக்கினாலும் நேரத்துக்குப் போகாது. அடுத்த வாரம் ஊசிக்குப் போகும்போது கொஞ்சம் மலத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.